சனிக்கிழமைக் கண்ணாடி

பாதுகாப்பு வார விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், நான் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டேன் என்று என் பழைய கம்பெனியில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. சால்வை மட்டமானது என்று கிழவனுக்குக் கோபமாம். இன்னொரு கோஷ்டி, பெயரை அழைப்பிதழில் தப்பாகப் போட்டதுதான் காரணம் என்கிறது. அன்று மாலையே பீன்யா சைட்டில் வேலை நின்றுபோனதையும் என் கோபக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இப்போது விழா மலருக்கு "ஊக்கமூட்டும் விதமாக இரண்டு பக்கம்" கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன், அச்சடிப்பதும் கிழிப்பதும் அவர்கள் பாடு.

நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரன். சிவில் டிப்ளமோ முடித்து, கட்டட வேலைகளில் சூப்பர்வைசராகப் பாதி வயதைக் கழித்தவன். பாதுகாப்பு அதிகாரி ஆனது என் திறமையால் இல்லை. வெளிநாட்டு ஐ.டி. கம்பெனிகள் கட்டடம் கட்ட வந்தபோது சைட்டுக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கான்கிரீட் வேலைக்கு லாயக்கில்லாதவன், முதுகு போனவன், மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்பவன் என்று தேடிப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் மூன்றாவது ரகம். நான்கு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு விசில். அதோடு ஆபத்துகளை மதிப்பிடும் நிபுணன் ஆகிவிட்டேன்.

ஆபத்தை மதிப்பிடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆபத்து. அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். நடந்தால் எவ்வளவு கேடு என்று இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் பதினைந்துக்கு மேல் சிவப்பு, வேலையை நிறுத்து. நடுவில் மஞ்சள், ஏதாவது செய். ஐந்தும் அதற்குக் கீழும் பச்சை, நிம்மதியாகத் தூங்கு. மோசமான முறை இல்லை, ஆள் நேர்மையாக இருந்தால். ஆனால் பச்சை வரும்வரை பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு எப்போது வந்தது என்று எனக்கே நினைவில்லை.

அந்த அட்டவணையையும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன வேலையின் ஷீட்டைத் திறந்து, பெயரை மாற்றி, சேமித்துக்கொள்வார்கள். நான் ஈஜிபுரா சைட்டுக்குப் போனபோது என் கைக்கு வந்த ஷீட்டில் நாற்பத்தோராவது வரி "கடல் நீர்மட்ட ஏற்றம்" என்று இருந்தது. எங்கள் கம்பெனி எப்போதோ ஒரு துறைமுகத்தில் வேலை செய்திருக்கிறது, அங்கிருந்து அந்தக் கடல் ஷீட்டுக்கு ஷீட் தாவி பெங்களூர் வரைக்கும் ஏறி வந்திருந்தது. ஈஜிபுராவில் கடல் பொங்கினால் தொழிலாளர்களுக்கு மிதவைச் சட்டை தரப்படும் என்று எதிரே எழுதியிருந்தது. இதை எடுத்துவிடலாமா என்று புராஜெக்ட் மேனேஜரிடம் கேட்டேன்.

"தயாளன், அது பச்சைதானே? பச்சைய எதுக்கு எடுக்கறீங்க? சதவீதம் கொறையும்" என்றார்.

அவர் பெயரை ரகுநாத் என்று வைத்துக்கொள்வோம். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு பச்சை ஹைலைட்டரும் இருக்கும், சிவப்புக்கு அவரிடம் பேனாவே கிடையாது. நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார், தலையாட்டுவார், டீ வரவழைப்பார். பிறகு "ஒண்ணே ஒண்ணு கொறச்சிப் பாருங்க" என்பார், காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற தொனியில். அந்த மரியாதையில்தான் நான் பல தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். கத்துகிற அதிகாரியாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஈஜிபுராவில் மூன்று அடுக்கு அடித்தளத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். மூன்று பக்கம் மண் சரியாமல் இருக்க வரிசையாக கான்கிரீட் தூண்களை இறக்கிவிட்டோம். நாலாவது பக்கம் ஒரு சந்து, சந்தை ஒட்டி ஒரே கூரையின் கீழ் ஆறு ஒற்றை அறை வீடுகள். தூண் இறக்கும் இயந்திரம் அந்தச் சந்தில் நுழையவில்லை. அதனால் அங்கே மட்டும் இரும்புத் தகடும் மண் மூட்டையும் வைத்துச் சமாளித்தார்கள். போதாக்குறைக்கு வீடுகளின் பின்னால் ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் பழைய சுவரிலிருந்து கசிந்த தண்ணீர் எங்கள் மண்ணை எந்நேரமும் ஈரமாக வைத்திருந்தது.

அந்த வீடுகளில் கடைசி வீட்டுக்காரி ஸ்டெல்லா. ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். கணவர் வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். இரண்டு பெண் குழந்தைகள். தையல் மெஷின், கட்டில், மாதா படம், அடுப்பு எல்லாம் அந்த ஓர் அறைக்குள். குழி தோண்ட ஆரம்பித்த பிறகு மாதா படத்துக்குக் கீழே சுவரில் ஒரு விரிசல் வந்தது, ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு அளவுக்கு.

நான் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து ஷீட்டில் "பக்கத்துக் கட்டடம் சரிதல்" என்ற வரியில் வாய்ப்பு நான்கு, கேடு ஐந்து என்று போட்டேன். இருபது. சிவப்பு. ரகுநாத் சார் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இந்த சைட்ல இதுக்கு முன்னாடி எதனா வீடு விழுந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நாலு எப்பிடி வரும்? ரெண்டு போடுங்க."

பத்து. மஞ்சள். பிறகு, ஏதாவது கட்டுப்பாட்டு நடவடிக்கை சேர்த்தால் இன்னும் ஒன்று குறையுமே என்றார். விரிசல்மேல் கண்ணாடி ஒட்டலாம் என்று சொன்னேன். பழைய முறைதான். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் மாவைக் குழைத்து அப்பிவிடுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ரகுநாத் சார் முகம் மலர்ந்தது. வாய்ப்பு ஒன்று, கேடு ஐந்து. பச்சை. ஜுரத்துக்கு தெர்மாமீட்டரை வைத்துவிட்டு நோயாளி குணமாகிவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்புவதுபோல, கண்ணாடி ஒட்டியதால் சுவர் விழாது என்று எழுதி, அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வாராவாரம் கண்ணாடியைப் பார்த்துக் குறிக்க ஒரு படிவமும் நானே தயாரித்தேன். அதில் மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வி: "கண்ணாடி நல்ல நிலையில் உள்ளதா? ஆம் / இல்லை." எழுதும்போது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. தேதி, கையெழுத்துக்கெல்லாம் கட்டம் போட்டு அழகாக அச்சடித்துக் கொடுத்தேன். பார்த்துக் குறிக்கும் பொறுப்பை ஃபோர்மேன் கோவிந்துவிடம் ஒப்படைத்தேன். தர்மபுரிக்காரர், தம்மிடம் கொடுத்த வேலையில் குறை வைக்காதவர். பத்து வாரம் சனிக்கிழமைதோறும் படிவம் என் மேஜைக்கு வந்தது. பத்து வாரமும் ஆம், ஆம், ஆம். நடுவில் ஸ்டோரிலிருந்து ஒரு டஜன் கண்ணாடித் துண்டு வேண்டும் என்று ஒரு சீட்டு வந்தது, அதிலும் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு விரிசல் இருக்கிற சைட்டுக்கு ஒரு டஜன் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பத்து வாரமும் நான் அந்த வீட்டுப் படியேறவும் இல்லை.

பதினோராவது வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம், ஸ்டெல்லா சைட் கேட்டில் என்னைத் தேடி வந்து நின்றார். விரிசல் பற்றிச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, சமாதான வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டது வேறு.

"சார், கண்ணாடி மாத்தறது சனிக்கிழமை வேணாம் சார். அன்னிக்குதான் துணி வாங்க வருவாங்க. இவரு செருப்போட உள்ள வந்து மாவு குழைக்கிறாரு. வேற எதனா கிழமை மாத்தச் சொல்லுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கண்ணாடியை மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். சுவரில் ஒட்டுகிற கண்ணாடியைத்தான், அநேகமாக வாரம் ஒன்று, அது உங்கள் வேலைமுறை என்றுதானே நினைத்தேன் என்றார். கூடவே அழைத்துப்போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே காகிதத்தில் சுற்றிச் சுற்றி வைத்த உடைந்த கண்ணாடிகள். குழந்தைகள் தரையில் படுக்கும் வீடு, குப்பை எடுக்க வருகிறவர்கள் உடைசலை வாங்க மாட்டார்கள், அதனால் சேர்த்து வைத்தாராம். எண்ணிப் பார்த்தேன். ஏழு.

சுவரில் எட்டாவது கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதன் இரு முனையிலும் பி.ஓ.பி. வெள்ளைவெளேர் என்று இருந்தது. எங்கள் குழித் தூசியில் எந்த வெள்ளையும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, பிறகு செம்மண் நிறமாகிவிடும். இதைக் கவனிக்க நிபுணன் தேவையில்லை, உள்ளே ஒரு நடை வந்திருந்தால் போதும். விரிசலில் சுண்டுவிரலை வைத்தேன். நகம் முழுக்க உள்ளே போனது.

வாசலில் கோவிந்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை.

"நீங்கதானே சார் கேட்டீங்க, கண்ணாடி நல்லா இருக்குதான்னு. ஒடஞ்சி இருந்திச்சி. இல்லைன்னு போட்டா உங்களுக்குக் கெட்ட பேருன்னு நல்லது மாத்திட்டு ஆம்னு போட்டேன்."

அவரை அறையலாம் போலிருந்தது. அடுத்த நொடியே அந்த அறை யாருக்குப் போக வேண்டியது என்று தெரிந்தது. எத்தனை விரிசல், எவ்வளவு அகலம், போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, இதில் எதையுமே நான் கேட்கவில்லை. கண்ணாடியின் சௌக்கியத்தை விசாரித்திருக்கிறேன். அவர் சௌக்கியமாக வைத்திருந்தார்.

குழிக்குள் அப்போது பதினோரு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் ராய்ச்சூர் பக்கத்து ஆட்கள். நேராகப் போய் அவர்களை மேலே ஏற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு ரகுநாத் சார் அறைக்குப் போனேன். வேலையை நிறுத்தும் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டுமே. அவர் டின்னைத் திறந்து பார்த்தார், மூடினார், பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "இதுல ஒண்ணுகூட ஒடஞ்சதா இல்லையே தயாளன்" என்றார். திங்கட்கிழமை மண் நிபுணர் வருவார், அதுவரை சிவப்பு போட்டால் க்ளையண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அமைதியாக விளக்கினார். டீ வந்தது. நான் அதைக் குடிக்கவும் செய்தேன். பதினோரு பேரும் ஆறு வீடும் ஈர மண்ணை நம்பிக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நல்லவேளையாக டீ தீர்ந்தது. வெளியே வந்து சைரனை அழுத்தினேன்.

எங்கள் சைரனுக்கு ஒரு வரலாறு உண்டு. க்ளையண்ட் வரும் நாளில் மட்டும் அது அடிக்கும். அடித்தால் எல்லோரும் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மேலே வந்து, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். போட்டோ எடுப்பார்கள், முடிந்ததும் ஆளுக்கு இரண்டு சமோசா. அன்றும் பதினோரு பேரும் சிரித்துக்கொண்டே ஏறி வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவைத் தேடினார்கள். ஆபத்து என்று கத்தியிருந்தால் பாதிப் பேர் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள். எங்கள் பல வருடப் பொய் நாடகம் அன்று ஒருநாள் உயிரைக் காப்பாற்றியது. நான் வேலை செய்த கம்பெனியை நான் பாராட்டுவது அந்தச் சமோசா ஒன்றுக்காகத்தான்.

வீடுகளைக் காலி செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ஐந்து வீட்டார் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஸ்டெல்லா குழந்தைகளைப் பக்கத்துவீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மெஷினைத் தூக்கத் திரும்பினார். கால் மெஷின், இரும்பு ஸ்டாண்டு, இரண்டு ஆள் பிடித்தாலும் நகராது. வாசலை மறித்து நின்றேன்.

"ரெண்டே நிமிஷம் சார். அது போச்சின்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல."

"இல்லம்மா."

"சார், ஆளு வேணாம், நானே இழுத்துக்கினு வரேன்."

அவர் என் கையைத் தள்ளினார், நான் நகரவில்லை. அந்த அம்மாள் என்னை அன்று பார்த்த பார்வையை எந்த அட்டவணையிலும் போட முடியாது. ஒரு மணிநேரம் சந்து முனையில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. ரகுநாத் சார் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கம்பி கட்டுகிறவர்கள் சமோசா எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாமோ என்று. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சந்துக்குள் நுழைகிற நேரத்தில் இரும்புத் தகடு முனகியது. பிறகு மண் உட்கார்ந்தது. கடைசி வீட்டின் சுவர், மாதா படம், கட்டில், மெஷின் எல்லாம் குழிக்குள் போயின. அடுத்த வீட்டில் பாதி போனது. பதினோரு பேர் கட்டி வைத்திருந்த கம்பி வரிசைமேல் ஓர் ஆள் உயரத்துக்கு ஈர மண் கிடந்தது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. ஸ்டெல்லா தலையில் கைவைத்துச் சந்திலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே என்னிடம் ஒன்று சொன்னார். "சனிக்கிழமை வேணாம்னு சொல்லத்தான் சார் வந்தேன்."

பிறகு நடந்தது எல்லாம் எங்கள் தொழிலின் லட்சணம். விசாரணைக் குழு வந்தது. அதற்குள் ஷீட்டில் அந்த வரி மறுபடி இருபதாகி, சிவப்பாகி, ஆரம்பத்திலிருந்தே நாங்கள் விழிப்போடு இருந்ததாக ஆகிவிட்டது. அதிலும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன், ஆமாம், போட்டேன். பிஸ்கட் டின்னைக் குழுவிடம் நீட்டியபோது அது உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். உயிர்ச்சேதமே இல்லாத வருடம் என்று ரகுநாத் சாருக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ஸ்டெல்லாவுக்குக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய புது மெஷின் கொடுத்து, அதன் பக்கத்தில் அவரை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் சிரிக்கவில்லை.

என் மூன்றாவது கேள்வியை மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். படிவத்தை மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு என்றார்கள். அதில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இரண்டு வாங்கினேன். மூன்றாவது ஆள் மாற்றலாகிப் போனார், புது ஆளைத் தேடிப் போக எனக்குச் சோம்பல். ஓய்வும் வந்துவிட்டது. அந்தக் கேள்வி என் ஓய்வோடு செத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சால்வைக்கு வருகிறேன். விழா அன்று மேடைக்கு அழைக்கும்முன் என்னை அலுவலகத்தில் உட்கார வைத்து, நிவேதிதா என்ற இளம் இன்ஜினியர் புது செயலியைக் காட்டினாள். காகிதமே கிடையாது, எல்லா சைட்டும் ஒரே திரையில், எங்கு பார்த்தாலும் பச்சை. நாற்பத்தோராவது வரியில் கடல் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரலால் தள்ளினேன். "கண்ணாடி நல்ல நிலையில் உள்ளதா?" என்று திரை கேட்டது. கமா, புள்ளி மாறாமல் என் கேள்வி.

இதை எடுத்துவிடலாமே என்றேன். "அது மேண்டேட்டரி சார், எடுத்தா ஃபார்ம் சப்மிட் ஆகாது" என்றாள். இது எந்த சைட்டில் இருக்கிறது என்று கேட்டதற்கு, பீன்யாவில், குழியை ஒட்டி ஒரு தகரக் கூரை வரிசை, பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறார்கள் என்றாள். வாராவாரம் போட்டோவும் ஏற்றுகிறார்கள் என்று பெருமையாகத் திறந்து காட்டினாள். ஆறு வாரம், ஆறு போட்டோ, ஆறு ஆம். ஆறிலும் கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஆறிலும் பி.ஓ.பி. வெள்ளைவெளேர் என்று இருந்தது.

அதற்குள் மேடைக்கு அழைத்துச் சால்வையைப் போர்த்திவிட்டார்கள். மைக் முன்னால் நின்றேன். இறங்கி வந்து நிவேதிதாவிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு அவளுக்கு என் நன்றி.

பீன்யாவில் அந்தத் தகரக் கூரை வரிசையில் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சால்வையோடு போய் நின்று, கண்ணாடி எந்தக் கிழமை மாற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

"புதன்கிழமை சார்" என்றாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கிக் காலைலகூட மாத்திட்டுப் போனாங்க."

சைரன் எங்கே இருக்கிறது என்று நிவேதிதாவிடம் கேட்டேன்.